சுக்கு மாமாவும் பதினோரு வயசுக் கவுனும்

துணிக்கடைக்குப் போய்த் துணி வாங்காமல் திரும்புவதில் சுக்கு மாமாவை அடிக்க ஆள் பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்கப் போவதில்லை. மற்றவர்கள் விலை ஜாஸ்தி என்று திரும்புவார்கள், சாயம் போகும் என்று திரும்புவார்கள், மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லித் திரும்புவார்கள். மாமா திரும்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான். “நல்ல துணியாக்கும். ஆனா இவ வயசுக்கு உள்ளது இல்லை” என்பார். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அவர் தலை தெரிந்தாலே பாதி விற்பனையாளர்கள் சாயா குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் மேற்பார்வை பார்த்தார். சாயங்காலம் அவர் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே சுக்கு வாசனை திரும்பிவிடும். ‘சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சின தெய்வமில்லை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, எங்கள் தெருவில் அதற்கு மூன்றாவதாக ஒரு வரியும் உண்டு: சுக்கு மாமாவுக்கு மிஞ்சின தொல்லையில்லை. அதைக் கட்டியது என் அப்பா.

மாமாவுக்கு ஒரே பெண், உமா. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது அவளுக்கும் எனக்கும் பதினோரு வயசு, ஒரே வகுப்பு, அடுத்தடுத்த வீடு. வயசு மட்டும்தான் ஒன்று. அவள் பனை, நான் பனங்கிழங்கு. டீச்சர் வராத நேரத்தில் உமா எழுந்து நின்றால் வகுப்பே அடங்கிவிடும், புது டீச்சர் என்று நினைத்து.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குத் துணி வாங்கும் முறை உங்களுக்கும் தெரியாததல்ல. ‘வளர்ற கொழந்தை’ என்று ஒரு மந்திரம். தமிழ் வீடு, மலையாள வீடு, கொங்கணி வீடு, குஜராத்தி வீடு என்று மட்டாஞ்சேரியில் எத்தனை வீடுகள் இருந்தனவோ அத்தனையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த மந்திரம்தான். எட்டு வயசுக்காரிக்குப் பத்து வயசு அளவில் வாங்குவார்கள். கீழே நாலு விரல் மடிப்பு, இடுப்பில் இரண்டு மடிப்பு, தோளில் ஒரு மடிப்பு. அத்தனை மடிப்புக்குள்ளும் என்னை எங்கேயாவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். துணி புதுசாக இருக்கும்போது எனக்குப் பெரிசு. எனக்குச் சரியாகும்போது அது பழசு. நல்ல துணி போட்டுக்கொண்டு நன்றாகத் தெரிந்த நாள் என்று சின்ன வயசில் எனக்கு ஒன்றுகூட இல்லை.

மாமாவுக்கு இந்த மந்திரம் ஆகவே ஆகாது. என் அம்மா ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருக்கு அதை எடுத்துச் சொன்னாள். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாளைக்கும் பசிக்குமேன்னு இன்னிக்கே ரெண்டு எலையில சாதம் போடுவாளோ?” என்றார். அம்மா அதற்கப்புறம் ஒரு வாரம் அவருக்குக் கறிவேப்பிலை கொடுக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் இது வெறும் கிறுக்கு என்று விட்டிருப்போம். அந்த வருஷம் ஓணத்துக்கு மாமாவின் அக்கா பாலக்காட்டிலிருந்து வந்தாள். உமாவுக்கு அத்தை, தெருவுக்கே அத்தை. நல்ல மனசு, கனமான குரல். வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த உமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமியிடம், இந்தத் தீபாவளிக்குத் தாவணி நானே எடுத்து வருகிறேன், இவ்வளவு வளர்ந்த பெண்ணைக் கவுனில் விட்டால் பார்க்கிறவர்கள் நம்மைத்தான் சொல்வார்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தாவணி என்றால் ஒரு துணிதானே என்று இப்போது தோன்றும். அப்போது அப்படியில்லை. எங்கள் வீடுகளில் தாவணி போட்ட அன்றோடு தெருவில் ஓடக் கூடாது, பாண்டி கூடாது, படகுத்துறைக்குத் தனியாகப் போகக் கூடாது, பையன்களோடு பேசக் கூடாது. வருகிற போகிற மாமிகள் ஜாதகம் கேட்பார்கள். உமாவோ பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் யாராலும் தொட முடியாதவள். அன்றைக்குச் சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம், “இந்த வருஷம் ஓடினாத்தான் உண்டு போலருக்கு” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் போய்விட்டால் என்னோடு விளையாட வேறு யார் இருக்கிறார்கள்?

மாமா அக்காவை எதிர்த்துப் பேசியே அறியாதவர். அதனால் ஒரு வழி யோசித்தார். தீபாவளிக்குள் உமாவுக்கு ஒரு நல்ல கவுன் வாங்கிவிட வேண்டும். பார்த்தால் பதினோரு வயசுக் குழந்தை என்று சொல்ல வேண்டும். பாப்பா மாதிரியும் இருக்கக் கூடாது, பெண் பார்க்க உட்கார்ந்தவள் மாதிரியும் இருக்கக் கூடாது. பாவாடை சட்டை தைத்தால் என்ன என்று மாமி கேட்டாள். உமா உயரத்துக்குப் பாவாடை சட்டை போட்டால், பார்க்கிறவர்கள் கண் தானாகவே மேலே ஒரு தாவணியைத் தேடும் என்றார் மாமா. அதுவும் நிஜம்தான்.

அப்புறம் ஆரம்பித்தது படலம். மாமா, மாமி, உமா, கூட நான். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, ஆனால் சினிமாவை விட நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. துணிக்கடைக்காரர்கள் கணக்கில் பெண் பிறவிக்கு மொத்தம் இரண்டே பருவம். ஒன்று வாத்துப் படம் போட்டது, இன்னொன்று ஜரிகை வைத்தது. நடுவில் ஒன்றும் கிடையாது. வாத்துப் படத்தில் இருப்பதிலேயே பெரிசு உமாவுக்கு இடுப்போடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு மாக்சியை எடுத்து விரித்தார். கணுக்கால் வரை, கழுத்திலிருந்து லேஸ், முதுகில் பாதியைக் காணோம். மாமா அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இதைப் போட்டுண்டா இவ என் அக்கா மாதிரி இருப்பா. அக்கா போட்டுண்டா யார் மாதிரி இருப்பாள்னு எனக்குச் சொல்லத் தெரியலை” என்றார்.

ஏதாவது ஒன்று கொஞ்சம் தேறுகிற மாதிரி இருந்தால் பரீட்சை உண்டு. உமா அதை மேலே போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஒற்றைக் காலில் நொண்டியடித்து வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். இரண்டு கையையும் தூக்கி, மேலே மாங்காய் இருப்பதாக நினைத்துப் பறிக்க வேண்டும். எங்கேயாவது இழுத்தால், ஏறினால், பிடித்தால் அந்தத் துணி தோல்வி. உமாவும் சளைக்காமல் செய்வாள். அதைப் பார்க்கப் பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

மட்டாஞ்சேரி முடிந்து, படகேறி எர்ணாகுளம் பிராட்வே. ஓணத்துக்கு வந்த சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்து, தீபாவளிக்கு எங்களைப் போன்ற தமிழ் வீடுகளுக்கு மிச்சம் மீதிதான் அங்கே கிடக்கும். ஒரு பெரிய கடையில் முதலாளி மரியாதையாகவே சொன்னார், இந்த வயசுக் குட்டிகள் யாரும் கடைக்கு வருவதில்லை, அதனால் நாங்கள் எடுப்பதும் இல்லை என்று. “வராம இல்லை சேட்டா. வாசப்படி ஏறறச்சே பதினோரு வயசாத்தான் ஏறறா. உள்ள வந்ததும் நீங்க பாதிப் பேரைக் கொழந்தை ஆக்கிடறேள், மீதிப் பேரைக் கல்யாணப் பொண்ணு ஆக்கிடறேள்” என்றார் மாமா. முதலாளி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு எங்கள் நாலு பேருக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடுத்தார். கவுன் மட்டும் இல்லை.

பாவம் மாமி. திரும்பி வரும்போது படகில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, இன்றைக்கில்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்துப் போடப்போவதுதானே, பேசாமல் தாவணியே போடட்டும், என் கால் இனிமேல் தாங்காது என்றாள். உமா காயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கடவுள் ஜூ டவுனுக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை அனுப்பினார். அப்பா, அம்மா, ஒரு பெண். பழைய சாமான் கடை வாசலில் நின்று ஏதோ பித்தளைப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் கிடங்குக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த உமாவும் நானும் அங்கேதான் இருந்தோம். அந்தப் பெண் உமாவை விட ஒரு சாண் உயரம். நீலத்தில் ஒரு பருத்திக் கவுன், முழங்காலுக்குக் கீழே வரை, சின்னக் காலர், இரண்டு பக்கமும் பாக்கெட். மாமா கிடங்கு வாசலிலிருந்து பார்த்தவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, சுக்குத் தூசி படிந்த கையோடு இறங்கிப் போய்த் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டார்.

பதினொன்று என்றாள் அந்த அம்மாள்.

மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அங்கேயே நில்லுங்கள் என்று அவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். மாமியை சாட்சிக்குக் கூட்டி வந்தார். மாமி சாம்பார்க் கரண்டியோடு வந்தாள். வருகிற வழியில் டெய்லர் சேட்டனையும் பிடித்து இழுத்து வந்தார். அவர் கழுத்தில் இஞ்சி டேப்பு தொங்கியது. மூன்று பேரும் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்று காலரைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், பின்னால் போய்ப் பொத்தானைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் இது இந்த ஊரில் விருந்தாளிகளை வரவேற்கிற முறை என்று நினைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே நின்றார்கள், மாமியைக் கரண்டியோடு போட்டோ எடுத்தார்கள். மாமா நன்றிக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டு நல்ல சுக்கு கொடுத்தார். குழந்தை அதை மிட்டாய் என்று நினைத்துக் கடித்துவிட்டது, பாவம்.

டெய்லர் சேட்டன் துணி கேட்டார், தாராளமாகவே கேட்டார். மாமாவும் வாங்கிக் கொடுத்தார். கவுன் தயாராகி வந்தபோது பார்த்தால் அது நம் ஊர்க் கவுனாகிவிட்டிருந்தது. கீழே நாலு விரல் மடிப்பு, இடுப்பில் மடிப்பு, தோள் இரண்டும் முழங்கையைப் பார்த்து இறங்குகிறது. இப்படித் தைக்கச் சொன்னேனா என்று மாமா கேட்டதும் சேட்டனுக்கு ஆச்சரியம். “வளருந்ந குட்டியல்லே சாரே” என்று அதே மந்திரத்தை மலையாளத்தில் சொன்னார். யாரும் சொல்லாமலே மடிப்பு வைப்பதுதானே அவர் தொழில் தர்மம். மாமா அவர் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். மறுபடி அளவெடுத்து, மறுபடி வெட்டி, உமா அந்தச் சின்னக் கடையில் நொண்டியடித்துக் காட்டி, அப்புறம்தான் விட்டார்.

அத்தனை மடிப்பையும் பிரித்த பின்னால் வெட்டினதும் வெட்டாததுமாக நிறையத் துணி மிஞ்சியது. மாமா அதைப் பார்த்தார், பக்கத்தில் என் அம்மா வாங்கிக் கொடுத்த கூடாரத்துக்குள் நின்றிருந்த என்னைப் பார்த்தார். சேட்டனிடம் என்னைக் காட்டி, இவளுக்கும் அளவெடு, மடிப்பு வைத்தால் மறுபடி வந்து உட்காருவேன் என்றார். பனங்கிழங்குக்கு அந்தத் துணி போதுமானதாக இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆறு மாசத்தில் பத்தாமல் போய்விடுமே என்று இழுத்தாள். “பத்தாமப் போனா கொழந்தை வளர்ந்திருக்கான்னு அர்த்தம். சந்தோஷப்படுங்கோ” என்றார் மாமா. அதைப் போட்டுக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. எனக்குக் கையும் காலும் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆனால் கவுன் தயாரானால் போதுமா? எங்கள் வீடுகளில் தீபாவளிப் புதுத்துணியை நாமாக எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவி மணைமேல் வைத்திருப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நமஸ்காரம் செய்தால், வீட்டில் மூத்தவர்கள் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். கொடுத்ததைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், மறுபேச்சு கிடையாது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் மூத்தவள் அத்தை. அவள் சொன்னபடியே ஊதா நிறத்தில் ஒரு தாவணியோடு முதல் நாளே வந்து இறங்கிவிட்டாள்.

விடியற்காலையில் என் புதுக் கவுனைக் காட்ட நான் ஓடியபோது மணைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, தாவணியும் நீலக் கவுனும். உமா ஈரத்தலையோடு நமஸ்காரம் செய்துவிட்டு எழுந்து நின்றாள். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிராட்வேயில் அத்தனை கடைக்காரர்களிடம் அவ்வளவு பேசின மனுஷர், அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை முதலில் கவுனை எடுத்தாள். ஓரமாக வைத்துவிடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அதன் உயரத்தைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். இது என்ன பக்கத்தில் ஓட்டை என்று கையை விட்டாள். பாக்கெட். கையை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பன்னெண்டு வயசுல புடவை கட்டிவிட்டா. மாமரத்துல பாதி ஏறியிருந்தேன். கீழ எறக்கி, அப்படியே கூட்டிண்டு போய்க் கட்டிவிட்டா. அப்புறம் நான் மரம் ஏறலை” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு மாமா பக்கம் திரும்பி, “இவன் மரத்தடியில நின்னுண்டு, அக்கா வந்து மாங்கா பறிச்சுத் தரட்டும்னு சாயங்காலம் வரைக்கும் அழுதான்” என்றாள்.

கவுனை உமா கையில் கொடுத்தாள். தாவணியைத் தன் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டாள். அது பாலக்காட்டில் யாருக்கோ ஆயிற்று. மாமா கொல்லைப்புறம் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தெருவில் உமா ஓடின ஓட்டத்தில் எங்களுக்குப் பட்டாசு வெடிக்கவே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இதே கூத்துதான். பன்னிரண்டுக்கு உள்ளது, பதிமூன்றுக்கு உள்ளது, பதினாலுக்கு உள்ளது. கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது, டெய்லர் சேட்டன் மடிப்பை மறந்தேவிட்டார். எண்பது பிறந்த சமயம் ஒருநாள் உமா முற்றத்தில் வந்து நின்று, “அப்பா, இந்தத் தடவை எனக்குத் தாவணி வாங்கித் தாங்கோ. பதினஞ்சு வயசாச்சு. என் வயசுக்கு உள்ளதுதானே?” என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்துக் கேட்கவில்லை. அவளுக்கே ஆசையாக இருந்தது. பாவாடை காலில் தடுக்குமே என்று மாமா மெல்லச் சொன்னார். தடுக்காமல் நடப்பேன் என்றாள். அவர் சட்டப்படிதானே கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படகேறிப் போனோம். மாமியின் கால் வராது என்றுவிட்டதால் மாமா, உமா, நான் மட்டும். நாரங்காவெள்ளம் கொடுத்த அதே முதலாளி மாமாவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாரானார். உமா முதலில் விரித்த பச்சைத் தாவணியையே கை காட்டினாள். மாமா வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. நொண்டியடிக்கச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது, கட்டிக் கொடுங்கள் என்றார். முதலாளி பயந்துபோய் என்னிடம் ரகசியமாக, சாருக்கு உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா என்று விசாரித்தார்.

படகில் மாமா உட்கார்ந்தார். துணிக்கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தே பழகிய மனுஷர். அந்தப் பொட்டலத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், பக்கத்தில் வைத்தார், திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உமா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டு நின்றாள்.

“குட்டி, அவளுக்கு இது சரியா இருக்குமோ?” என்று என்னிடம் கேட்டார். ஒரு துணியைப் பற்றி அவர் இன்னொருத்தரிடம் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

“நன்னா இருக்கும் மாமா.”

“இருக்கும். சரியா இல்லேன்னா திருப்பிக் கொடுத்துடலாம்னு பார்த்தேன்” என்றார்.

உமா முன்னாலிருந்து வா வா என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. மட்டாஞ்சேரித் துறை வருகிற வரைக்கும் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.